ஆயிரத்து நானூற்று முப்பத்தொன்று

குதிரை எப்படித் தாண்டும் என்று
முப்பத்தெட்டு வயதில் கேட்டேன்.
ராதாபுரத்துக்குத் தெற்கே, காற்றாலைக் கட்டுப்பாட்டு அறை.
ஆடிக் காற்று அளவு மீறி
யாரும் கோபுரம் ஏறக் கூடாதென்று சொல்லிவிட்ட மத்தியானம்.
காட்டித் தந்தவன் ஒப்பந்தத்துக்கு வந்த வெல்டர்.
மறுமாதமே கத்தாருக்குப் போய்விட்டான்,
பலகையை விட்டுவிட்டு.
அதில் ஒரு கறுப்புச் சிப்பாய் இல்லை.
அந்த இடத்தில் ஒரு நட்டு வைத்தேன்,
பதினாறு எம்.எம்.

இப்போது நாற்பத்து மூன்று.
என் தரப்புள்ளி மேலே தலைப்பில் இருக்கிறது.
கிராண்ட் மாஸ்டருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வேண்டும்.
கழிக்கத் தெரியும் எனக்கு.
வருடம் முப்பது புள்ளி ஏறினாலும்
எழுபத்தொன்பது வயதாகிவிடும்,
அதுவரை மூளை ஒரு நாளும் லீவு போடாமல் இருந்தால்.
காலண்டர் தாளின் பின்பக்கம் போட்ட அந்தக் கணக்கைப் பார்த்து
பிரம்மசக்தி சொன்னாள்:
"இன்சூரன்ஸ் மாதிரில்லா இருக்கு.
துட்டு வரும்போது ஆளு இருக்க மாட்டிய."
சிரித்தேன்.
அன்று ராத்திரி தூங்கவில்லை.

பாளையங்கோட்டை, ஒரு பள்ளிக்கூட ஹால், ஐந்தாம் சுற்று.
எதிரே மஃபிதா. மேலப்பாளையம். ஒன்பது வயது.
கால் தரையைத் தொடவில்லை.
ஒரு நகர்த்தல் செய்வாள், இறங்கிப் போவாள்,
தண்ணீர் குடிப்பாள், பக்கத்துப் பலகையில் எட்டிப் பார்ப்பாள்.
நான் பெஞ்சில் ஆணி அடித்ததுபோல்.

அவளுக்கு இது பேச்சு. எனக்கு இலக்கணம்.
என் மச்சினன் இருபது வருஷம் குவைத்தில் இருந்தான்,
அரபி நன்றாகவே பேசுவான்,
ஆனால் அரபி ஜோக்குக்கு
எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் சிரிப்பான்.
அப்படித்தான்.

இருபத்தேழாம் நகர்த்தலில் பார்த்துவிட்டேன்.
யானையைக் கொடுத்தால் நாலே அடியில் முடிந்தது.
மூன்று தடவை கணக்கிட்டேன். சரி.
நாலாவது தடவை. சரி.
கடிகாரத்தில் பதினொரு நிமிஷம். அப்புறம் ஒன்பது.
கை போகவில்லை.

வயதானால் மூளை மந்தம் என்கிறார்கள்.
இருக்கலாம். அன்று அது மந்தமாக இல்லை.
எண்பது மீட்டர் ஏணியில் பதினேழு வருஷம்,
ஒரு கொக்கியை மாட்டாமல் இன்னொன்றைக் கழற்றாத கை இது.
செட்டிகுளம் பக்கம் எங்கள் ஆள் ஒருத்தர் மறந்த அன்று
நான் கீழே நின்றுகொண்டிருந்தேன்.
பிடியை விடாதே என்பதை
உடம்புக்கு அவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.
இந்தப் பிள்ளையோ
ஆயிரம் தடவை விழுந்து
ஆயிரம் தடவையும் ஐஸ் வாங்கித் தின்றவள்.

யானையைப் பத்திரமாகப் பின்னால் இழுத்தேன்.
நாற்பத்தொன்றில் தோற்றேன்.

"அங்கிள், இங்க யானையைக் கொடுத்திருந்தா நான் அவுட்டு."
"தெரியும்மா."
"தெரிஞ்சா ஏன் குடுக்கல?"
பதிலுக்கு நிற்கவில்லை, ஓடிவிட்டாள்.

உச்சிக்குப் போவேனா என்றால், மாட்டேன்.
தினமும் ஏறுகிறவனுக்கு
எத்தனை படி பாக்கி என்பதில் மயக்கம் கிடையாது.
எங்கேயாவது எவனாவது நாற்பதில் தொடங்கிப் போயிருந்தால்
அவன் என்ன வேலை பார்த்தான் என்று மட்டும்
தெரிந்துகொள்ள ஆசை.

வள்ளியூர் பஸ்ஸில் நாங்குநேரி தாண்டும்வரை
அந்த யானையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
வீட்டில் பலகையை விரித்தேன். நட்டை அதன் கட்டத்தில் வைத்தேன்.
யானையைக் கொடுத்தேன்.
கொடுத்த கை கொஞ்சம் நடுங்கியது,
யாருமில்லாத அறையில்கூட.

பிரம்மசக்தி புரண்டு படுத்துக் கேட்டாள்,
"யாரு செயிச்சா?"
"கறுப்பு."
"நீங்க?"
"நானும் கறுப்புதான்.
மத்தியானம் இல்ல, இப்ப."